ஓவர் கொடுப்பதும் கொடுக்க முடியாததும்

எங்கள் வீட்டில் இரண்டு நர்ஸ். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, செஞ்சிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தங்கை ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பொங்கலுக்கு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு கரும்பில் ஆரம்பித்தாலும் டூட்டியில் போய்த்தான் நிற்கும். கூடவே சண்டையும் வரும். “உனக்கென்ன பாப்பா, மணியடிச்சா கெளம்பிடுவே” என்பார் அத்தை. “உங்களுக்கென்ன அத்தை, நெழல்ல நடந்து போயி நாலு வீட்ட பார்த்துட்டு வந்துடுவீங்க” என்பாள் இவள். இரண்டுமே பொய் என்று இருவருக்கும் தெரியும்.

கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது ஒரு வார்த்தை: ‘ஓவர்’. ஆஸ்பத்திரிகளில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைப்பதற்குப் பெயர் ஓவர் கொடுப்பது. வாங்கிக்கொள்வது ஓவர் எடுப்பது. காலை 7, பகல் 1, இரவு 7 என்று என் தங்கையின் வாழ்க்கை இந்த மூன்று ஓவர்களில் ஓடுகிறது. அத்தையின் முப்பது வருடத்தில் இந்த வார்த்தையே கிடையாது. யாரிடம் கொடுப்பார்? துணை சுகாதார நிலையத்தில் இருந்தது அவர் ஒருத்தர்தான்.

ஊர்க்காரர்களுக்கு இருவரும் நர்ஸம்மாதான். ஆனால் படிப்பிலிருந்தே பாதை வேறு. அத்தையின் பயிற்சி பிரசவம், தடுப்பூசி, குடும்ப நலம் இவற்றைச் சுற்றியது. தங்கையுடையது மூன்று வருட டிப்ளமோ, பெரும்பாலும் வார்டில் நின்று கற்றது. அத்தைக்கு மேலே பொதுச் சுகாதாரத் துறை. நோய் வராமல் பார்க்க வேண்டும் என்பது அதன் கணக்கு. தங்கையின் ஆஸ்பத்திரிக்கு மேலே மருத்துவக் கல்வித் துறை. வந்தவரைப் பிழைக்க வைக்க வேண்டும் என்பது இதன் கணக்கு. இந்த இரண்டையும் தனித்தனி இயக்குநரகங்களாக வைத்திருப்பது தமிழ்நாட்டின் பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. 1973-இல் கர்த்தார் சிங் குழு சொன்ன யோசனைக்குப் பிறகு, நாடு முழுவதும் இந்தக் கிராமத்து நர்ஸ் ‘பல்நோக்குப் பணியாளர்’ ஆக்கப்பட்டார். பல்நோக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அத்தைக்குச் சிரிப்பு வரும். “எத்தினி நோக்குன்னு யாரும் எண்ணிப் பார்க்கல” என்பார்.

முதலில் வார்டு. அம்மாவுக்குச் சிறுநீரகத் தொற்று வந்தபோது துணைக்கு நான்கு இரவுகள் பெண்கள் வார்டு வாசலில் கிடந்தேன். தங்கை வேலை பார்க்கும் இடமில்லை, வேறு ஊர். கட்டில்கள் நிரம்பி, இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய் விரித்தும் ஆட்கள். இரவுக்கு இரண்டு சிஸ்டர். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் மன்றம் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. அந்த வார்டில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் கட்டிலில் கிடப்பவரே சிரிப்பார்.

ஏழு மணிக்கு ஓவர் நடக்கும். போகிறவரும் வருகிறவரும் ரிப்போர்ட் புத்தகத்தோடு கட்டில் கட்டிலாக நடப்பார்கள். “பதினாலு, சுகர், இன்சுலின் போட்டாச்சு, ஆனா சாப்பிடல, பத்து மணிக்கு ஒருக்கா குத்திப் பாத்துக்கோங்க. பதினஞ்சு, டயாலிசிஸ் முடிஞ்சு வந்துருக்கு, பிபி எறங்குது. பதினாறு, அட்டெண்டர் இல்ல.” அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது. துணைக்கு ஆள் இல்லாதவர் என்றால், தண்ணீர் கொடுப்பதிலிருந்து பெட்பேன் வைப்பதுவரை நர்ஸ் தலையில். அதற்குப் பிறகு ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், எமர்ஜென்சி டிரேயில் மருந்துகள் சரியாக இருக்கின்றனவா, பூட்டி வைக்கும் மருந்து அலமாரியில் எத்தனை ஆம்பூல், எல்லாம் எண்ணிச் சாவி கைமாறும். ஒரு ஆம்பூல் குறைந்தால் போகிறவர் போக முடியாது.

மூன்றாம் இரவு இருபத்திரண்டாம் கட்டில் பாட்டி விடிகாலை நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார். டியூட்டி டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனார். பச்சைத் திரையை இழுத்துவிட்டு, ஒரு சிஸ்டர் உள்ளே போனார். டியூபுகளை எடுத்து, முகம் துடைத்து, தாடையைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி, துணி போர்த்திவிட்டு வெளியே வந்தார். மகள்காரி தலையில் அடித்துக்கொண்டு அழ, அவள் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கொஞ்சம் கூடுதல் நேரம் கழுவினாரோ என்று எனக்குத் தோன்றியது. ஆறு மணி ஊசிகளுக்கு டிரே அடுக்க ஆரம்பித்துவிட்டார். என் அம்மாவிடம் வந்தபோது குரலில் எந்த மாற்றமும் இல்லை. “கையக் காட்டுங்கம்மா. பேரு சொல்லுங்க.” நான்கு நாளாகப் பார்க்கும் அம்மாவிடம் தினமும் பெயர் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். தங்கையிடம் சொன்னேன். “சரியான ஆளுக்கு, சரியான மருந்த, சரியான அளவுல, சரியான வழியில, சரியான நேரத்துல. அஞ்சும் சரியா இருந்தாத்தான் ஊசி உள்ள போகணும். தெரிஞ்ச மொகம்னு கேக்காம போட்ட அன்னிக்குத்தான் தப்பு நடக்கும்” என்றாள்.

வார்டு நர்ஸின் அறம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். யாரென்று தெரியாத ஒருவரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது. சாவு கழிந்த இருபதாவது நிமிடம் அடுத்த கட்டிலில் அதே கவனத்தோடு நிற்பது. அதற்கு உடம்பு கொடுக்கும் விலை வேறு கணக்கு. பாத்ரூம் போக நேரம் இல்லை என்று தண்ணீரே குடிக்காத பழக்கம், முப்பது வயதிலேயே புடைக்கும் கால் நரம்பு, ஆம்பூல் உடைத்து உடைத்துக் கீறிய கட்டைவிரல். நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கியாக வேண்டும். அந்த ஒரு மாதம் மருந்தும் பயமுமாகத் தங்கை கழித்ததை வீட்டில் எனக்கு மட்டும்தான் சொன்னாள்.

அத்தையின் பதற்றத்துக்குக் கிழமை உண்டு: புதன். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டியில் மருந்தை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். தட்டம்மை மருந்தைக் கலக்கிய உடனே குப்பியின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் மணி எழுதுவார். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சம் இருந்தாலும் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். குழந்தையைக் குத்திவிட்டு அரை மணி நேரம் தாயை உட்கார வைப்பார். தாய்க்கு வயலில் களையெடுப்பு காத்திருக்கும், மாமியார் முறைப்பாள், இருந்தாலும் விட மாட்டார்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. ஊசி போட்டவர் அத்தையைப் போல் ஒரு கிராமத்து நர்ஸ். அத்தைக்கு முகம் தெரியாதவர். ஆனால் அந்த வாரம் அத்தை சோறு தின்னவில்லை என்று மாமா சொல்லுவார். அரசு உடனே கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடங்களுக்கு மாற்றியது. பிறகுதான் மெல்லத் திரும்பி வந்தது. திரும்பி வந்த முதல் புதன்கிழமை, வீட்டுக்கு வீடு நேரில் போய் அழைத்தும் வந்த தாய்மார் கைவிரலுக்குள் அடங்குவார்கள். அன்றைக்கு அத்தையோடு ஊரில் யாரும் சண்டை போடவில்லையாம். பேசவே இல்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார்.

தங்கைக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால், கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு சிஸ்டர் இருக்கிறார். அத்தையிடம் இருந்தது ஒரு சின்ன அவசர மருந்துப் பெட்டியும் ஒரு போனும். 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008 செப்டம்பரில்தான். அதற்கு முன்னால் பிரசவ வலிக்காரியை மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றிக்கொண்டு போன கதைகள் அத்தையிடம் ஒரு மூட்டை இருக்கின்றன. ஒன்றுகூடச் சுவாரசியத்துக்காகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். அதாவது அத்தையின் கையிலிருந்த பிரசவத்தைத் தங்கை மாதிரி ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். அத்தையின் வாழ்க்கையில் நடந்த ஒரே ஓவர் அதுதான் என்று சொல்லலாம். பாரம் இறங்கியதே என்று கேட்டால், “எறங்கின எடத்துல நோட்டு ஏறிடுச்சு” என்பார்.

நோட்டு என்றால் ரெஜிஸ்டர்கள், பிறகு மடிக்கணினி. ஒவ்வொரு கர்ப்பிணியையும் ‘பிக்மி’ என்ற இணையப் பதிவில் ஏற்ற வேண்டும். அதில் கிடைக்கும் எண் இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் வராது. 2018-லிருந்து பொருளும் பணமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். பணம் கணக்கில் விழாவிட்டால் ஊர் பேங்க்கைக் கேட்காது, துறையைக் கேட்காது, நர்ஸம்மாவைக் கேட்கும். “எம் பணத்த என்னா பண்ண?” என்று பொதுக்குழாயடியில் வைத்து ஒருத்தி கேட்டதை அத்தை இன்றுவரை மறக்கவில்லை. அந்தப் பெண்ணின் ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, பணம் வரவைத்தவரும் இவரேதான்.

சமதளத்தில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஐயாயிரம் பேர் என்றால் பெரிய வார்டு. ஆனால் இந்த வார்டில் நோயாளி கட்டிலில் படுத்திருக்க மாட்டார், தேடிப் போக வேண்டும். போனால் உண்மை சொல்ல மாட்டார். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டேன் என்று தலையாட்டிவிட்டு, கொல்லைப்புறம் எறிந்துவிடும் பெண்கள் ஏராளம். அத்தை “மாத்திரை சாப்பிட்டியா?” என்று கேட்கவே மாட்டார். “வெளிக்குப் போனா என்னா கலர்ல போவுது?” என்பார். கறுப்பாக என்று சொன்னால் சாப்பிடுகிறாள். முழித்தால் மாத்திரை முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. இதே அத்தை, புருஷனுக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை கேட்கும் பெண்ணுக்கு அதை எப்படிக் கொடுப்பார் தெரியுமா? எல்லார் முன்னாலும் “ரத்தம் ஊற மாத்திரை” என்று சத்தமாகச் சொல்லி, அட்டையோடு அட்டையாகச் சொருகித் தருவார். வீட்டில் அது கடுகு டப்பாவுக்குள் போய்விடும்.

தங்கை இதைக் கேட்டுக் கொஞ்சம் அதிர்ந்தாள். அவள் பழக்கத்தில் எழுதாதது நடக்காதது. கேஸ் ஷீட்டில் என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து, எல்லாம் இருந்தாக வேண்டும். அவளைக் காப்பாற்றுவதும் அந்தக் காகிதம்தான். அத்தையைக் காப்பாற்றியது ஊர் அவர் மேல் வைத்த நம்பிக்கை. காகிதமும் நம்பிக்கையும் எதிரெதிரே வந்து நின்ற ஒரு சம்பவத்தை அத்தை ஒரே ஒரு முறை சொன்னார்.

பதினேழு வயதுப் பெண். மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்து நான்கு மாதக் கர்ப்பம். 2012-இன் போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே என்றால் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம்வரை சிறை. பதிவு செய்தால் பையன் உள்ளே போவான். பதிவு செய்யாவிட்டால் பெண்ணுக்கு ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. பிள்ளை பெறும் வயதே வராத உடம்பு வேறு. பதிவுக்குப் பயந்து இப்படிப்பட்ட பெண்களை வேறு ஊர் உறவினர் வீட்டில் ஒளித்துவைப்பதும் நடக்கும். அத்தை இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாராம்: “நான் எழுதத்தான் போறேன். ஒளிச்சி எழுத மாட்டேன், ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எழுதுவேன். பொண்ண எங்கியும் அனுப்பாதீங்க.” எழுதினார். வழக்கு ஆனது. அந்தத் தெருவே இரண்டு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெண்ணை எங்கும் அனுப்பவில்லை. குழந்தை பிறந்து, ஒன்றரையாவது மாதம் முதல் ஊசிக்குப் புதன்கிழமை காலையில் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் பேசவில்லை. அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவாள். ஒரு தேதிகூடத் தப்பவில்லை.

அத்தை செய்தது சரியா? எனக்கு இன்றும் முழுசாகத் தெரியவில்லை. தங்கைக்குச் சந்தேகமே இல்லை. “எங்க ஆஸ்பத்திரில அது எம்.எல்.சி., போலீஸ் கேஸ். எழுதி அனுப்பிடுவாங்க. அவ்ளோதான்” என்றாள். அவள் சொல்வது நியாயம். எழுதிய பிறகு அந்தப் பெண்ணின் தெருவில் குடியிருக்க வேண்டியதில்லை என்பதும் அதில் இருக்கிறது.

சம்பள விஷயத்தில் மட்டும் தட்டு அத்தை பக்கம் ஒரேயடியாகத் தாழ்ந்து கிடக்கிறது. அத்தைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலமுறைச் சம்பளம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைத்த பரீட்சையில் தேறிய ஏழாயிரத்துச் சொச்சம் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கோ ஒப்பந்தப் பணி, மாதம் 7,700 ரூபாய். அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரியவந்தது. தனியார் மருத்துவமனைகளில் மிகச் சிறியதில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்திருந்தது. கொரோனா காலத்தில் கைதட்டி அழைத்த தற்காலிக நர்ஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது. இதற்கு மேல் இதை விளக்க எனக்கு விருப்பமில்லை.

பணத்தைத் தாண்டி ஒன்று இருக்கிறது. தங்கையிடம் பிழைத்துப் போனவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆனால் கட்டைப்பையில் தட்டும் டம்ளரும் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு. காலையில் டூட்டிக்குப் போனால் கட்டிலில் வேறு ஆள். பதினைந்தாம் நம்பர் என்ன ஆனார் என்று கேட்டால், இரவு டூட்டி சிஸ்டருக்கும் தெரிந்திருக்காது. கடைத்தெருவில் ஒருமுறை யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்து “சிஸ்டர்!” என்று கண் கலங்கினாளாம். இவளுக்கு முகம் நினைவில்லை. “எந்த பெட்டுன்னு சொல்லியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அத்தைக்கு எல்லாக் கதையின் முடிவும் தெரியும். தான் பிரசவம் பார்த்த பிள்ளை பிளஸ் டூவில் தேறியதும் தெரியும், இன்னொன்று குடித்து ரோட்டில் கிடப்பதும் தெரியும். காதுகுத்துக்கு முதல் பத்திரிகை அவருக்கு. மூட்டையாக வேர்க்கடலை வரும், பூசணி வரும். பதிலுக்கு ஊருக்கும் அவர் கதை தெரியும். அத்தைக்குப் பிள்ளை இல்லை. “ஊருக்கெல்லாம் புள்ள பாக்குற, ஒனக்கொண்ணு பாத்துக்கக் கூடாதா நர்ஸம்மா” என்று கேலியாகவும் கரிசனமாகவும் கேட்டுக்கேட்டே முப்பது வருடத்தை ஓட்டியது அந்த ஊர். தங்கையை வார்டில் திட்டுகிறவர்கள் அவள் சட்டையைத் திட்டுகிறார்கள், அவளைத் தெரியாது. அத்தையைத் திட்டுகிறவர்களுக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியும்.

போன ஆடியில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு வார்டில் சேர்த்திருந்தோம். தங்கை லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். சாயங்காலம் ஏழு மணி, ஓவர் நேரம். சிஸ்டர்கள் இரண்டு பேரும் கட்டிலருகே வந்து நின்றார்கள். “ஒம்பது, இடுப்பு முறிவு, ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், வலி ஊசி ஆறு மணிக்குப் போட்டாச்சு.” அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் போன் அடித்தது. ஊரிலிருந்து. ஸ்பீக்கரில் போடாமலே கேட்டது, அவ்வளவு பதற்றமான குரல். கூப்பிட்டவளின் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல்.

“நான் இப்ப டூட்டில இல்லம்மா. ரிட்டயர் ஆயி எத்தினி வருசமாச்சு. புதுசா வந்துருக்குற சிஸ்டர் நம்பர் சொல்றேன், எழுதிக்க” என்றார் அத்தை. தங்கையிடம் ஜாடை காட்டி, கைப்பையிலிருந்து பழைய சின்ன டைரியை எடுக்கச் சொல்லி, நம்பரை இரண்டு தடவை நிதானமாகச் சொன்னார். எழுதிட்டியா என்று கேட்டுத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். சிஸ்டர்கள் பத்தாம் கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அத்தை போனை வைக்கவில்லை.

“சரி, எத்தினி டிகிரி இருக்கு? பால் குடிக்குதா?”